விளக்கில்லாத சைக்கிளும் யோகராஜின் அப்பாவும்

போன மாதம் ஒரு பெண் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள். நீதிமன்றத்தில் தமிழைச் சிங்களமாகவும் சிங்களத்தைத் தமிழாகவும் மாற்றிச் சொல்லும் உரைபெயர்ப்பாளர் வேலை. "மிஸ், கூண்டுல நிக்கிறவர் சொல்றது எனக்கே விளங்கலன்னா என்ன பண்றது? விளங்காதத எப்படி மாத்திச் சொல்றது?" என்று கேட்டாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. நானும் பெரிய மனுஷி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்தேன்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஒரு சைக்கிள் வழக்கு. எந்த ஊர் நீதிமன்றம் என்று எழுதப்போவதில்லை. மலைநாட்டில் ஒன்று, அவ்வளவுதான். இதைப் படித்தால் அவள் குழப்பம் தீரும் என்று சொல்லமாட்டேன். கூடினாலும் கூடலாம்.

நான் பிறந்தது ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் சிங்களக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போட்டே சிங்களம் படித்தேன். பிறகு பள்ளிக்கூடம், பரீட்சை, கொழும்பில் கொஞ்சம் பயிற்சி, இரண்டு மூன்று ஊர்களுக்கு மாற்றம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததில் பாதி மறந்துவிட்டது. இன்றும் மறக்காததை வேலையில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு நீதவான்.

சிங்களவர். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வாதம் கேட்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். எழுதும்போது மட்டும் போட்டுக்கொள்வார். தேநீர் குடிக்கமாட்டார், தேயிலைக்கு நடுவே இருந்துகொண்டு சுடுதண்ணீர் குடித்த ஒரே மனிதர் அவர்தான். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார். அதே கேள்வி, அதே தொனி. பொய் சொல்கிறவன் இரண்டாவது தடவை பதிலை மாற்றிவிடுவான் என்பது அவர் கணக்கு. பல தடவை அது பலித்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

நான் அங்கே போன புதிதில் கூண்டில் நின்றவர் ஏதோ சொல்ல, நான் சிங்களத்தில், "தான் அங்கே போகவில்லை என்று அவர் சொல்கிறார்" என்றேன். நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யார் அந்த அவர்? நீங்கள் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வரை நீங்கள்தான் அவர். நான் போகவில்லை என்று சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், உங்கள் சொந்தக் கேள்வி ஒன்றும் வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். அந்த நீதிமன்றத்தில் நான் கசிப்புச் சாராயம் காய்ச்சியிருக்கிறேன், மாடு திருடியிருக்கிறேன், குடித்துவிட்டு மச்சானின் மண்டையை உடைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போனால் என் கணவர், "இன்னைக்கி என்ன குத்தம் பண்ணிட்டு வந்த?" என்று கேட்பார்.

சைக்கிள் வழக்கு எங்கள் பக்கத்தில் அபூர்வம். இந்த ஏற்றத்தில் யார் சைக்கிள் மிதிப்பார்கள்? ஆனால் பெட்ரோலுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் எங்கிருந்தோ சைக்கிள்கள் முளைத்தன. துருப்பிடித்தவை, பிரேக் இல்லாதவை, மணியைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடுபவை. பொலிஸாரும் விடவில்லை. விளக்கில்லாமல் ஓட்டினால் வழக்கு, ஒருவழிப் பாதையில் எதிரே வந்தால் வழக்கு. சைக்கிளுக்கு லைசன்ஸ் கிடையாதே, வாங்கி வைத்துக்கொள்ள. அதனால் சைக்கிளையே ஸ்டேஷனில் நிறுத்திக்கொண்டு, நீதிமன்றத் திகதியைச் சொல்லி ஆளை அனுப்பிவிடுவார்கள். ஆள் வந்து குற்றத்தை ஒப்புக்கொள்வார். கொஞ்சம் தண்டப்பணம் கட்டுவார். நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடும்.

அன்றும் அப்படித்தான் முடியும் என்று நினைத்தேன். வாசலில் நின்ற சிப்பந்தி, "யோகராஜ்! யோகராஜ்!" என்று கூப்பிட்டார். குற்றப்பத்திரத்தை வாசித்துப் பார்த்தேன். மாலை மங்கிய நேரத்தில், பனிமூட்டத்தில், விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியது. மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள், "வந்திருக்கேங்க" என்று ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வெளுத்த வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு. கூண்டில் ஏறி, கைகட்டி, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

நீதவான் வழக்கம்போல முதல் கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்: "நீங்கதான் யோகராஜா?"

"இல்லீங்க. யோகராஜ் எம் மகன். எம் பேரு முனியாண்டிங்க."

நான் சிங்களத்தில், "இல்லை. யோகராஜ் என் மகன். என் பெயர் முனியாண்டி" என்றேன். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியானால் ஏன் கூண்டில் ஏறினீர்?"

"அவன் பேரக் கூப்பிட்டாங்க. அதான் நான் வந்தேன்."

"மகன் எங்கே?"

"இன்டவியூவுக்குப் போயிருக்கான்யா. தோட்டத்து இஸ்கூல்ல வாத்தியார் வேலைக்கி. பாருங்க, அதுவும் இன்னைக்கித்தான் வச்சிருக்காங்க. ரெண்டு வருசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தான்."

நேர்முகப் பரீட்சை நடந்தது அதே நகரத்தில், ஒரு பாடசாலை மண்டபத்தில். நீதவான் எல்லாக் கேள்விகளையும் இரண்டாவது தடவை கேட்டார். பதில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பிறகு குற்றத்தை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்துவிட்டு, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று, அதாவது ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்று, கேட்டேன்.

"குத்தவாளிதாங்க. ஒத்துக்கிறேன்."

"மகனின் குற்றத்தை நீர் எப்படி ஒப்புக்கொள்வது?" என்றார் நீதவான்.

"சைக்கிள்தாங்க அவனோடது. கடையில வேல செஞ்சு வாங்கினது. கட்ட வேண்டியத நான் கட்டிக்கிறேன். அவன இதுல இழுக்காதீங்கய்யா, புண்ணியமாப் போகும்."

இதையும் நான் 'நான்' போட்டுச் சொன்னேன். நான் நான் இல்லை, என் மகன்தான் நான், ஆனாலும் குற்றம் என்னுடையது. ஏறக்குறைய அப்படித்தான் ஒலித்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சட்டத்தரணிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொல்வது எனக்கே பிடிபடவில்லை. காலுக்குக் கீழே படி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இறங்குவது போலிருந்தது.

வழக்குப் போட்ட சார்ஜன்ட் பக்கத்திலேயே நின்றிருந்தார். கொழுத்த, வியர்க்கும் மனிதர். வழக்குகளைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போவதில்தான் அவருக்குக் குறி என்று எல்லோருக்கும் தெரியும். நீதவான் அவரிடம் திரும்பினார். "நீர் பிடித்த ஆள் இவரா?"

"ஆமாம் சேர். இவர்தான்."

"தான் யோகராஜ் இல்லை என்று இவரே சொல்கிறார்."

"யோகராஜ் என்றுதான் சேர் என்னிடம் பெயர் சொன்னார். அடையாள அட்டை கையில் இல்லை. ஆனால் ஆள் இவர்தான்."

"பனிமூட்டத்தில் பார்த்த முகம். நிச்சயமாக இவரா?"

"ஆமாம் சேர்."

நீதவான் அதே கேள்வியை அதே தொனியில் மறுபடியும் கேட்டார். சார்ஜன்டுக்கு நெற்றியில் வியர்வை. கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படித்தான் நினைக்கிறேன், சேர்" என்றார். அவ்வளவுதான். நீதவான் கணக்குப்படி சார்ஜன்ட் பொய் சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நாட்களில் ஆள்மாறாட்டம் ஒரு பெரிய தலைவலியாக இருந்தது. போதைத்தூள் வழக்கில் மாட்டியவர்கள் யாரையாவது காசு கொடுத்துக் கூண்டில் ஏற்றிவிட்டு வெளியே சுற்றிய கதையெல்லாம் நடந்திருந்தது. நீதவான் அதில் மட்டும் இரக்கம் காட்டமாட்டார். மகன் பிற்பகலுக்குள் நீதிமன்றத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் பிடியாணை, அதுவரை தகப்பன் சிறைக்கூண்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் தமிழில் சொன்னேன். முனியாண்டியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போனது.

"இன்டவியூவுல இருக்கிறவனக் கூப்பிடாதீங்கய்யா! என்னய எத்தன நாளு வேணும்னாலும் உள்ள வைங்க. அந்த வேல போச்சுன்னா அவனுக்கு வேற ஒண்ணுமே இல்லீங்கய்யா!"

என் குரலில் அதைச் சிங்களத்தில் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. நீதவான் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே நடையில் நின்ற முனியாண்டியின் மனைவி, கைத்தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

மதிய இடைவேளையில் சார்ஜன்ட் என்னிடம் வந்தார். "மிஸ், எனக்கென்ன பைத்தியமா? மண்ணெண்ணெய் கேனைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது அந்த மனுஷன்தான்" என்றார். நான், ம் என்றேன். நம்பவில்லை. அவரோ தானே தன்னை நம்பாதவர் மாதிரி போனார். சிறைக்கூண்டுப் பக்கம் போய் முனியாண்டியிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டால் விளங்கிவிடும் என்று தோன்றியது. ஆனால் என்ன வார்த்தை? அதுதான் தெரியவில்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. கொண்டுபோன சோற்றைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

பிற்பகல் நீதிமன்றம் கூடியதும் முனியாண்டியை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள்; மகனும் வந்துவிட்டான். புதுச் சட்டை, கழுத்தில் டை, கக்கத்தில் சான்றிதழ் கோப்பு, தலையெல்லாம் தூறல். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சிங்களத்தில் பேசினான். அதுவும் என்னுடையதைவிட நல்ல சிங்களம்.

"விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினீரா?" என்றார் நீதவான்.

"இல்லை சேர். அந்த நேரம் நான் கந்தப்பளையில், கடையில் இருந்தேன். ஓட்டியது அப்பா."

தகப்பனுக்கு விளங்க வேண்டுமே என்று தமிழில் சொன்னேன். முனியாண்டியோ, இதில் என்ன புதினம் என்பது போல் தலையாட்டினார். நீதவான் கண்ணாடியைக் கழற்றி, இந்தத் தடவை மேசையில் வைக்கவும் மறந்து கையிலேயே பிடித்திருந்தார். காலையிலிருந்து நீ யார், ஏன் வந்தாய், மகன் எங்கே என்று எல்லாம் கேட்டாயிற்று. கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டார்: "அன்று சைக்கிளை ஓட்டியது யார்?"

"நாந்தாங்க."

"காலையில் ஏன் சொல்லவில்லை?"

"பொலிஸ் ராலாமிதான் சொன்னாங்களேங்க, பிடிச்சது இவரத்தான்னு. நீங்கதான்யா அவங்க சொன்னத நம்பல."

சார்ஜன்ட் நிமிர்ந்து நின்றார். நீதவான் அவர் பக்கம் பார்க்கவில்லை. "பொலிஸாரிடம் ஏன் மகன் பெயரைச் சொன்னீர்?"

"பேர் என்னன்னு கேட்டாங்க. சைக்கிள் அவனோடதுங்களே. அப்ப அவன் பேரத்தானங்க சொல்லணும்? கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு மூட்டையத் தூக்கிட்டுப் போனா, தூக்கிட்டுப் போறவன் பேரயா சொல்லுவோம்? கொழுந்து யாரோடதோ அவங்க பேருதானே."

இதை நான் சிங்களத்தில் சொல்லி முடித்த பிறகும் நீதவான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கவில்லை. பிறகு அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்காத ஒன்று வந்தது. "உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள், மிஸ்."

சொன்னேன். தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது, தராசுக்குப் பக்கத்தில் நின்று கணக்கு எழுதுபவர் பெயரைக் கேட்பார். மனைவி மலையில் பறித்துக்கொண்டு நிற்பாள்; மூட்டையை இறக்கிக்கொண்டு வந்த புருஷன், முறுக்கின மீசையோடு நின்று, "லெட்சுமி" என்பான். யாரும் சிரிக்கமாட்டார்கள். அவன் தன் பெயரைச் சொன்னால்தான் வில்லங்கம். அவளுடைய கொழுந்து அவன் பேரில் போய்விடும். இவர் வாழ்நாளெல்லாம் அப்படிப் பெயர் சொன்னவர். பொலிஸார் நிறுத்தியதும் சைக்கிளுக்குரியவன் பெயரைச் சொன்னார். ஓட்டியது தான் என்பதால் நீதிமன்றத்துக்குத் தானே வந்தார். தன் பேரை மறைக்கவும் இல்லை, மகன் பேரைத் திருடவும் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, நானும் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள்தானே, காலையில் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று நினைத்தேன்.

நீதவான் மகனிடம், "நேர்முகப் பரீட்சை முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"இல்லை சேர். எனக்கு முன்னால் இன்னும் சிலர் இருந்தார்கள். அம்மா அழுதார், வந்துவிட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னவன், என் பக்கம் திரும்பி மெதுவாகத் தமிழில், "மிஸ், இத அப்பாகிட்ட சொல்லிறாதீங்க" என்றான்.

கூண்டில் நிற்பவருக்கு விளங்காமல் அங்கே ஒரு வார்த்தையும் பேசப்படக் கூடாது. அதற்காகத்தான் என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை தகப்பனை நோகவிடாமல் காக்கப் பார்க்கிறான், அதுவும் சரிதான். நான் நீதவானைப் பார்த்தேன். அவர், "சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். முனியாண்டி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அப்ப எதுக்குய்யா இவன இன்னும் நிப்பாட்டி வச்சிருக்கீங்க? என்னயத் தண்டிக்கிறதுன்னா தண்டிச்சு முடிங்க. சீக்கிரம் முடிங்க!"

ஒன்றையும் குறைக்காமல், அதே கோபத்தோடு சிங்களத்தில் சொன்னேன். நீதவானிடம் நான் கத்தியது அன்று ஒரு நாள்தான். அவர் கோபிக்கவில்லை. மகன் பெயரை நீக்கினார், தகப்பன் பெயரை எழுதினார், எச்சரித்து விடுவித்தார். அவ்வளவு வேகமாக அவர் பேனா ஓடி நான் பார்த்ததில்லை. எழுதிக்கொண்டே சார்ஜன்டிடம் ஏதோ சொன்னார். சார்ஜன்ட் மகனின் முழங்கையைப் பிடித்து, இரண்டு பேருமாக வெளியே ஓடினார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சார்ஜன்டின் மோட்டார் சைக்கிள். ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. அதை அவன் தலையில் கவிழ்த்துவிட்டு, தான் வெறுந்தலையோடு ஏறி, நீதவானின் கண்ணுக்கு முன்னாலேயே கேட்டைத் தாண்டிப் போனார். யோகராஜ் இன்று ஒரு தோட்டப் பாடசாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசிக்கிறவர்களுக்கு அதே நினைப்பாக இருக்கும்.

கூண்டிலிருந்து இறங்கிய முனியாண்டி கண்டது வேறு. பொலிஸ்காரர் ஒருவர் தன் மகனைக் கையைப் பிடித்துக் கொண்டுபோனதைத்தான் அவர் கண்டார். "எங்க கொண்டுபோறாங்க? ஐயோ, அவன எங்க கொண்டுபோறாங்க?" என்று நடையில் ஓடினார். மனைவியும் பின்னால் ஓடினார். நான் போய்ப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்டவியூவுக்குத்தாங்க கூட்டிட்டுப் போறாங்க. நேரத்துக்குக் கொண்டுபோய் விடத்தான்."

"பொலிசா மிஸ்?"

"ஆமாங்க. ஐயாதான் சொன்னாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலையிலிருந்து நான் சொன்ன எல்லாவற்றையும் நம்பிய மனிதர், இதை மட்டும் நம்பவில்லை. "பொலிசு எங்க ஆளுகள எதுக்கு மிஸ் இன்டவியூவுக்குக் கூட்டிட்டுப் போகப்போறாங்க?" என்று கேட்டார். நான் மறுபடியும் சொன்னேன். வேறு வார்த்தையில் சொன்னேன். சத்தியம் பண்ணினேன். இரண்டு மொழி தெரிந்து எனக்கு என்ன பிரயோசனம் என்றிருந்தது. அவரும் மனைவியும் கேட்டடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போய்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், அசையவில்லை. விட்டுவிட்டுப் போக மனம் வராமல் என் பஸ்ஸையும் விட்டேன். மூன்று பேரும் தூறலில் வீதியைப் பார்த்தபடி இருந்தோம்.

இருட்டுகிற நேரத்தில் யோகராஜ் ஏற்றத்தில் நடந்து வந்தான். டையைக் கழற்றிக் கையில் சுற்றியிருந்தான். எங்களைக் கண்டதும் சிரித்தான். முனியாண்டி எழுந்து ஓடி அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அடிச்சாங்களா?"

"இல்லப்பா. கடைசியா என்னயக் கூப்பிட்டாங்க. நல்லாத்தான் பதில் சொன்னேன்."

அவர் அதைக் கேட்கவில்லை. மகனின் புதுச் சட்டையைப் பின்னால் தூக்கி, தெருவிளக்கு வெளிச்சத்தில் அவன் முதுகைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.